பக்கவாதத்துக்குப் பின் விடாத விக்கல்

கேள்வி: பக்கவாதம் வந்து வீடு திரும்பிய அப்பாவுக்கு நான்கு நாளாக விக்கல் நிற்கவில்லை. தண்ணீர் கொடுத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தேவனூர் நாடு, கொல்லிமலை

பதில்: தண்ணீர் கொடுத்து விக்கலை நிறுத்தப் பார்ப்பதை முதலில் விட்டுவிடுங்கள், அம்மா. மூளையின் அடியில் உள்ள முகுளம்தான் மூச்சையும் விழுங்குவதையும் ஆள்கிறது. பக்கவாதம் அங்கே தாக்கியிருந்தால் விக்கலும் விழுங்கும் சிரமமும் சேர்ந்தே வரலாம். அந்த நிலையில் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். சாப்பிடும்போது புரையேறுகிறதா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

புரையேறாவிட்டாலும், 48 மணி நேரம் தாண்டிய விக்கலை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பாக்லோஃபென், காபாபென்டின் போன்ற மருந்துகள் பலருக்குக் கைகொடுக்கின்றன. ஆனால் அவை தூக்கக் கலக்கம் தருபவை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். அதனால் நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் சோடியம் குறைவது, நெஞ்செரிச்சல், சில மாத்திரைகள்கூட விக்கலைத் தூண்டும். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

செம்மேடு அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். ஆனால் புதிதாகத் தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மலையடிவாரத்தில் உள்ள காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, நிமிர்ந்து உட்காரவைத்துச் சிறுகச் சிறுக ஊட்டுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்கவிடாதீர்கள்.