மூன்று படிகளும் ஒரு சாய்தளமும்

உங்கள் ஊர் நியாயவிலைக் கடையின் வாசலில் எத்தனை படிகள்? தபால் நிலையத்தில் எத்தனை? ஆரம்ப சுகாதார நிலையத்தில்?

உங்களில் பலருக்கு உடனே விடை சொல்லத் தெரியாது. துள்ளி ஏறும் கால்கள் படிகளை எண்ணுவதில்லை. மூட்டுவலியால் வருந்தும் ஒரு பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். "மூணு படி தம்பி. மூணாவது ரொம்ப உசரம். பிடிச்சு ஏற ஒண்ணுமில்லை" என்று கணக்காகச் சொல்வார். சக்கர நாற்காலியில் வருபவருக்கோ அந்த மூன்று படிகளும் ஒரு மதில். உள்ளே மருத்துவர் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது. ஆனால் வாசலில் நிற்பவருக்கு இரண்டும் எட்டுவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கு மேல். உடல் குறைபாடு உடையவர்கள் 2.68 கோடி. இத்தனை பேருக்கும் குறுக்கே நிற்கும் மதிலை நீக்கப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். உங்கள் பாடநூலில் உள்ள எளிய எந்திரங்களே போதும். எப்படி என்று காண்போம்.

சாய்தளம் செய்யும் உதவி

கனமான பீப்பாயை லாரியில் ஏற்றும் தொழிலாளர்களைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட பலகையைச் சாய்த்து வைத்து, அதன் மேல் உருட்டி ஏற்றுவார்கள். பலகை நீளமாக இருந்தால் தள்ளுவது எளிது. இதுவே சாய்தளத்தின் தத்துவம்.

ஒரு கணக்குப் போடுவோம். படி ஒன்றின் உயரம் 15 செ.மீ. என்றால் மூன்று படிகளின் உயரம் 45 செ.மீ. நாற்காலியும் அதில் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து 80 கிலோகிராம் எடை என்று கொள்வோம். அவரை நேராக மேலே தூக்க 80 கி.கி. எடைக்குச் சமமான விசை தேவை.

படிகளின் பக்கத்தில் தரையளவில் 1.35 மீட்டர் நீளமே உள்ள ஒரு சரிவை அமைத்தால் என்ன ஆகும்? சரிவின் நீளம் ஏறக்குறைய 1.42 மீட்டர். தேவைப்படும் விசை 80 × 0.45 ÷ 1.42, அதாவது சுமார் 25 கி.கி. எடை. தன் கைகளால் சக்கரத்தைச் சுழற்றி ஏறும் ஒருவருக்கு இது மிக அதிகம்.

சரிவை 5.4 மீட்டருக்கு நீட்டுங்கள். இப்போது 7 கி.கி. எடைக்கும் சற்றுக் குறைவான விசையே போதும்! உராய்வுக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். செய்யப்படும் வேலை குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். விசை குறைந்தது, தூரம் கூடியது. இரண்டின் பெருக்கற்பலன் மாறவில்லை.

45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம் என்றால் 1-க்கு 12 என்ற விகிதம். கோணம் 5 பாகைக்கும் சற்றுக் குறைவு. கட்டடங்களில் சாய்தளம் இதைவிடச் செங்குத்தாக இருக்கலாகாது என்று வழிகாட்டு விதிகள் கூறுவது இதனால்தான்.

செங்குத்தான சரிவில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நாற்காலி பின்புறம் சாயும்போது, ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையும் கோடு பின்சக்கரத்தை நெருங்குகிறது. அதைத் தாண்டினால் நாற்காலி மல்லாந்துவிடும். வாசலில் ஒரு பெயருக்குச் சிமெண்டைக் கொட்டிச் சரித்துவிட்டால் அது உதவி ஆகாது. விபத்துக்கு வழி ஆகிவிடும். நல்ல சாய்தளத்தில் இருபுறமும் கைப்பிடி, வழுக்காத தரை, உச்சியில் நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் சமதளம் ஆகியவை இருக்கும்.

ஊன்றுகோல் எந்தக் கையில்?

வலது இடுப்பில் வலி உள்ள தாத்தா ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? "வலது கையில்" என்றுதான் பலரும் சொல்வார்கள். சரியான விடை, இடது கை!

காரணம் நெம்புகோல் தத்துவம். நடக்கும்போது இடது கால் தரையை விட்டு எழுகிறது. உடல் வலது காலில் மட்டும் நிற்கிறது. அப்போது வலது இடுப்பு மூட்டே ஆதாரப் புள்ளி. உடலின் எடை மூட்டுக்கு இடப்புறமாகக் கீழே இழுக்கிறது. இடுப்பெலும்பு இடப்பக்கம் சரிந்துவிடாமல் மூட்டுக்கு வெளிப்புறம் உள்ள தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அந்தத் தசைகள் மூட்டுக்கு மிக அருகில் இருப்பதால் பெரும் விசையுடன் இழுக்க வேண்டியிருக்கிறது. எடை, தசையின் இழுப்பு இரண்டும் சேர்ந்து மூட்டை அழுத்துகின்றன. ஆரோக்கியமான மனிதருக்கே இந்த அழுத்தம் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு.

இடது கையில் ஊன்றுகோல் இருந்தால் அது ஆதாரப் புள்ளியிலிருந்து தொலைவில் தரையை ஊன்றுகிறது. நெம்புகோலின் புயம் நீளமானதால், சிறிது ஊன்றினாலும் தசையின் வேலை வெகுவாகக் குறைகிறது. மூட்டின் வலியும் குறைகிறது. தாத்தா நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடும்போது, கோலின் பிடி அவர் மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் குமிழ் தேய்ந்திருந்தால் உராய்வு குறைந்து வழுக்கும். இன்றே பார்த்து மாற்றிவிடுங்கள்.

சட்டமும் சேவையும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது; பொதுக் கட்டடங்கள் எல்லாரும் சென்றுவரத் தக்கவையாக இருக்க வேண்டும் என்றும் கூறியது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே சென்றன. 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உடையவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்க வழி செய்யப்பட்டது.

இவை நல்லவை. ஆனால் எல்லாமே வீட்டுக்கு வந்துவிட்டால் போதுமா? நாலு பேரைப் பார்க்கவும், கிராம சபையில் எழுந்து பேசவும், பேரனின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போகவும் அவர்களுக்கும் ஆசை உண்டல்லவா? அதற்கு வாசல்கள் திறந்திருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

1. ஒரு மீட்டர் பலகை, சில செங்கற்கள், பொம்மை வண்டி, சுருள்வில் தராசு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையின் ஒரு முனைக்கு அடியில் ஒன்று, இரண்டு, மூன்று செங்கற்களை வைத்து, ஒவ்வொரு முறையும் வண்டியை இழுக்கத் தேவையான விசையைக் குறியுங்கள்.

2. சரியாக 120 செ.மீ. நீளமுள்ள நேரான குச்சி ஒன்றைத் தயாரியுங்கள். ஒரு முனையைச் சாய்தளத்தின் மேற்பகுதியில் வைத்து, மறுமுனையைச் சரிவின் கீழ்நோக்கி நீட்டிக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். பாதி நீர் நிரப்பி மூடிய புட்டியைக் குச்சியின் மேல் படுக்க வையுங்கள்; நீர்மட்டம் குச்சிக்கு இணையாக இருந்தால் குச்சி கிடைமட்டம். இப்போது கீழ்முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளவிடுங்கள். 10 செ.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் சரிவு சரியானது.

3. ஆசிரியருடன் சென்று உங்கள் பள்ளி, நியாயவிலைக் கடை, சுகாதார நிலையம், வாக்குச்சாவடி ஆகியவற்றை அளந்து ஒரு பட்டியல் தயாரியுங்கள். படிகளின் எண்ணிக்கை, சரிவு, கைப்பிடி, கதவின் அகலம் யாவற்றையும் எழுதுங்கள். அந்தப் படிகளில் ஏறச் சிரமப்படுபவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அனுமதி கேளாமல் யாருடைய நாற்காலியையும் தள்ளாதீர்கள்.

பட்டியலை அடுத்த கிராம சபைக் கூட்டத்திலோ நகர்மன்ற உறுப்பினரிடமோ கொடுங்கள். "சிரமமாக இருக்கிறது" என்று பாட்டி சொன்னபோது கேளாதவர்களும், "உயரம் 45 செ.மீ., தேவை 5.4 மீட்டர் சாய்தளம்" என்று எழுதிக் கொடுத்தால் விடை சொல்லித்தானே ஆகவேண்டும்?