எலியா, வேறு ஏதாவதா? மலையோரத் தோட்டங்களில் எலி பிடிக்கச் சில குறிப்புகள்

கேரளத்தின் கல்லாறு, விதுரா பக்கம் மரவள்ளி போட்டவர்களுக்கும், பொன்முடி எஸ்டேட் லயங்களில் வீட்டோரம் காய்கறி வைத்திருப்பவர்களுக்கும் எலித்தொல்லை புதிதல்ல. காட்டை ஒட்டிய ஊர் என்பதால் கவனிக்க வேண்டியவையும் கூடுதல்.

1. முதலில் அடையாளம் பாருங்கள். வயல் எலி, பெருச்சாளி என்றால் பிடிக்கலாம். மூஞ்சூறு பூச்சி தின்பது, விட்டுவிடுங்கள். மிளகுக்கொடிப் பக்கம் திரிந்து, மரப்பொந்தில் ஒளியும், வால் நுனியில் புசுபுசுவென்று முடியுள்ள சிறு பிராணி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதைத் தொடாதீர்கள்.

2. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வௌவால் எல்லாம் 'தீங்கு செய்பவை' என்று தனிப் பட்டியலில் இருந்தன. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. அதனால் வீட்டெலியைப் பிடிப்பது குற்றமாகிவிடவில்லை. முயல், முள்ளம்பன்றி, மலையணில், கீரி, உடும்பு போன்றவற்றின் மீது கை வைத்தால்தான் வழக்கு. வன எல்லைக்குள் எலியைக்கூடத் தேடிப் போகாதீர்கள்.

3. சாயங்காலம் தோட்டத்து வளைகளை எல்லாம் மண்ணால் மூடிவிடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ, அதில்தான் எலி இருக்கிறது. மற்ற வளைகளில் மெனக்கெட வேண்டாம்.

4. சாலையோர மண்கட்டில் வளை தோண்டாதீர்கள். பொன்முடி ஏற்றத்தில் 22 கொண்டை ஊசி வளைவுகள்; மழையில் மண் சரிந்து பாதை அடைபடுவது வழக்கம். நீங்கள் கிளறிய இடம் அடுத்த மழையில் இளகும். ராத்திரி வளைவில் டார்ச்சோடு குனிந்து நிற்பவரை இறங்கிவரும் வண்டிக்காரர் பார்க்கவும் மாட்டார்.

5. மூங்கில் கிட்டிக்கு இணை கிடையாது. தஞ்சை வயல்களில் இன்றும் அதுதான். வில்லாய் வளைந்த மூங்கில் விடுபடும்போது கயிறு கழுத்தை இறுக்கும். சரியாகக் கட்டினால் எலி துடிக்காது. கூண்டென்றால் சுட்ட தேங்காய்த் துண்டோ கருவாடோ வைத்து, முதல் இரண்டு மூன்று ராத்திரி கதவைத் திறந்தே விடுங்கள். புதுப்பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும். பழகிய பிறகு பொறியை மாட்டுங்கள். விடிந்ததும் போய்ப் பாருங்கள். மதியம் வரை கூண்டில் வாட விடுவது கொடுமை.

6. கொல்வதென்றால் சாக்கில் விட்டு ஒரே அடி. தண்ணீரில் முக்குவதும் பசை அட்டையும் வேண்டாம். பசை அட்டையில் ஓணான், குருவி எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

7. எலி பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸுக்கு மாற்று மருந்தே இல்லை, கல்லீரலைத் தின்றுவிடும். 2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில் வீட்டில் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் மருந்து என்ற பேச்சே எடுக்காதீர்கள்.

8. செத்த எலியை வெறுங்கையால் எடுக்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த ஈரமண், காலில் ஒரு சின்ன வெட்டு, இது போதும் எலிக்காய்ச்சலுக்கு. கையுறை, ரப்பர் பூட்ஸ் போடுங்கள். ஆழமாகப் புதையுங்கள். அப்புறம் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், எலி பிடித்த விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

9. சாரைப்பாம்பை அடிக்காதீர்கள். கூகை உட்கார, தோட்டத்தில் ஆளுயரத்துக்குக் குறுக்குக்கட்டை வைத்த கம்பு இரண்டு நடுங்கள். இரண்டும் எலிக்கு எதிராகக் காசில்லாத காவல்.

10. கிழங்கைத் தோண்டியது காட்டுப்பன்றி என்றால் அது உங்கள் வேலை அல்ல. 2022 மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. பஞ்சாயத்துத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவர் வந்து சுடுவார். மின்கம்பி, விஷம், வெடி எல்லாமே குற்றம். 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி வைத்த காயைக் கடித்து, வெள்ளியாற்றில் நின்றபடியே செத்தது ஒரு கர்ப்பிணி யானை. சுட்ட பன்றியைச் சமைக்கவும் முடியாது, புதைத்துத்தான் ஆக வேண்டும்.