கடைக் கணனியைப் பார்க்கும் தம்பிக்கு ஒரு புதுப் பாடம்

நாளாந்தம் நாம் ஓடர் எடுப்பதற்கும் விலை கேட்பதற்கும் பாவிக்கின்ற வட்ஸ்அப், அதன் ஆரம்ப வருடங்களில் விண்டோஸ் மீது ஓடவில்லை. பலரும் நினைப்பது போல லினக்ஸ் மீதும் ஓடவில்லை. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மீதே அதன் சேர்வர்கள் ஓடின. வட்ஸ்அப்பை ஆரம்பித்த இருவரில் ஒருவரான ஜான் கூம், உக்ரைனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து அரசாங்க உதவி வீட்டில் வாழ்ந்தவர். 1990களின் பிற்பகுதியில், கையில் காசு இல்லாத காலத்தில், இலவசமாகக் கிடைத்த இந்த இயங்குதளத்தைப் பழகினார். அந்தப் பழக்கமே அவருக்கு யாஹூ நிறுவனத்தில் தொழில் பெற்றுக் கொடுத்தது. 2014இல் பேஸ்புக் நிறுவனம் வட்ஸ்அப்பை வாங்கியது. அதே வருடம் அவர் ஃப்ரீபிஎஸ்டி பவுண்டேஷனுக்குப் பத்து இலட்சம் டொலர் நன்கொடை வழங்கினார். வட்ஸ்அப் பின்னர் பேஸ்புக்கின் சொந்த ஏற்பாடுகளுக்கு மாறிவிட்டது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமோ தனது படங்களை உலகெங்கும் அனுப்பும் சேர்வர்களுக்கு இதையே பாவிக்கின்றது.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். பெரிய கொம்பனிகளில் ‘வலையமைப்பு நிர்வாகி’ என்று ஒருவர் இருப்பார். நமது கடைகளில் அந்தப் பதவி கிடையாது. ரவுட்டரைப் பார்ப்பதும், பிரின்டருக்கு மை போடுவதும், கெமராவைச் சரிசெய்வதும், கணக்கு மென்பொருள் நின்றுவிட்டால் ஓடி வருவதும் ஒரே தம்பிதான். அவர் படித்ததெல்லாம் விண்டோஸ். இக்கட்டுரை முதலாளிக்கும் அந்தத் தம்பிக்கும் சேர்த்தே எழுதப்படுகின்றது. வாசித்த பின் வெட்டி அவர் கையில் கொடுங்கள்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து கணனி உள்ள ஒரு மொத்தக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கணனியில் கணக்கு இருக்கும். மற்றவை அதன் ஃபோல்டரைத் திறந்து வேலை செய்யும். பல கடைகளில் இருப்பது காசு கொடுக்காத கொப்பி விண்டோஸ். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கின்றது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. காசு கொடுத்து முறையாகச் செய்வதென்றால், விண்டோஸ் சேர்வருக்கு ஒரு லைசன்ஸ், அதில் இணையும் ஒவ்வொரு ஆளுக்கோ கணனிக்கோ இன்னொரு லைசன்ஸ். அதன் விலை டொலரோடு ஏறி இறங்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சற்றுத் தாண்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனதை நாம் மறக்கவில்லை.

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நின்றுவிட்டன. திருத்தம் போடாத கணனிக்கு என்ன நேரும் என்பதற்கு 2017 மே மாதத்தில் பரவிய வொனாகிரை ஒரு சாட்சி. அதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. போடாதவர்களின் ஃபைல்கள் எல்லாம் பூட்டப்பட்டு, திறப்பதற்கு 300 டொலர் கேட்கப்பட்டது. கடையில் சாமான் எரிந்தால் மறுபடி வாங்கலாம். யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கடன் கணக்கு தொலைந்தால், கொடுக்க வேண்டியவர் தானாக வந்து சொல்வாரா?

கணக்கைக் காப்பாற்ற இன்னொரு கணனியில் கொப்பி எடுத்து வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த இன்னொரு கணனியை ஃப்ரீபிஎஸ்டி மீது ஓட்டலாம், தம்பிக்கு அதைப் பழக்குவதற்கும் அதுவே சரியான இடம் என்பது எனது கருத்து.

இது எங்கிருந்து வந்தது? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில், 1970களின் பிற்பகுதியிலிருந்து யுனிக்ஸ் இயங்குதளத்தைத் திருத்தி, மெருகேற்றி, பிறருக்கு விநியோகித்து வந்தார்கள். பெயரிலுள்ள ‘பிஎஸ்டி’ என்பது பேர்க்லி மென்பொருள் விநியோகம் என்பதன் சுருக்கமாகும். யுனிக்ஸின் சொந்தக்காரரான ஏடி அன்ட் டி நிறுவனத்தின் கிளையொன்று 1992இல் வழக்குப் போட்டது. 1994இல் இணக்கத்துக்கு வரும்வரை இதைத் தொட ஆட்கள் தயங்கினார்கள். வழக்கு நடக்கின்ற கடைக்குச் சாமான் வாங்க யார் வருவார்? அந்த இடைவெளியில் லினக்ஸ் வளர்ந்துவிட்டது. ஃப்ரீபிஎஸ்டி 1993இல் ஆரம்பமாகி அமைதியாகத் தன் வேலையைப் பார்த்து வருகின்றது.

லினக்ஸ் என்பது உண்மையில் உட்கரு மாத்திரமே. அதைச் சுற்றியுள்ளவற்றை உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று வெவ்வேறு குழுவினர் தத்தமது விதமாகக் கட்டுகிறார்கள். ஃப்ரீபிஎஸ்டியிலோ உட்கருவும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழுவின் கையால் ஒன்றாக வருகின்றன. விளக்க நூலும் ஒன்றே. ‘ஹேண்ட்புக்’ என்ற அந்த நூலை இலவசமாக வாசிக்கலாம். ஆங்கிலம் எளிமையானது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். உங்கள் தம்பிக்கு ஏற்கனவே லினக்ஸ் நன்றாகத் தெரியுமென்றால் அவரை வற்புறுத்த வேண்டாம். லினக்ஸிலும் இந்த வேலையைச் செய்யலாம். இரண்டும் தெரியாதவருக்கு, ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு படிக்கக்கூடிய இது இலகு என்பேன்.

முதல் நாள் தம்பி பயப்படுவார். இன்ஸ்டோல் செய்து முடிந்ததும் படமோ ஐகொனோ வராது. கறுப்புத் திரையில் பெயரைக் கேட்டு ஒரு வரி நிற்கும். அவ்வளவுதான். சேர்வருக்கு அதற்கு மேல் தேவையுமில்லை. மவுஸால் பத்து இடத்தில் தட்டிச் செய்யும் அமைப்புகளில் பெரும்பாலானவை இங்கே ‘ஆர்சி.கொன்ஃப்’ என்ற ஒரே எழுத்துக் கோப்பில் வரி வரியாக இருக்கும். அதை அச்சடித்துப் பைலில் போட்டு வைக்கலாம். மெஷின் பழுதானால் புதிய மெஷினில் அதே வரிகளைப் பார்த்து எழுதலாம். நெட்வேர்க் கார்டின் பெயர் அதன் சிப்பைப் பொறுத்து மாறும் என்பதும், பின்னர் சேர்க்கும் மென்பொருட்களின் அமைப்புகள் ‘லோக்கல்’ என்ற தனிக் கிளைக்குள் போய் இருக்கும் என்பதும் ஆரம்பத்தில் குழப்பும். லினக்ஸ் படித்தவர்களே இரண்டாவதில் தடுமாறுவார்கள். கடைச் சாமானையும் கொமிஷன் சாமானையும் நாம் வேறு வேறு றாக்கையில் வைப்பதில்லையா, அதே ஒழுங்குதான்.

இன்னொரு விடயம். இதன் சின்னம் இரண்டு சிறு கொம்புகள் உள்ள சிவப்பு உருண்டை. பழைய நூல்களில் சூலம் ஏந்திய குட்டிச் சாத்தானின் கேலிச்சித்திரமும் இருக்கும். பின்னணியில் ஓசையின்றி வேலை செய்யும் மென்பொருளை யுனிக்ஸ்காரர்கள் ‘டீமன்’ என்று அழைப்பதால் வந்த பகிடி அது. கடைத் திரையில் அதை வைக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இனி வேலைக்கு வருவோம். ஒதுக்கி வைத்த ஒரு பழைய கணனியைத் தம்பியிடம் கொடுங்கள். அது 64 பிட் ரகமாகவும், ரெம் 8 ஜிகாபைட்டாகவும் இருந்தால் போதும். ஒரே அளவிலான இரண்டு ஹார்ட் டிஸ்க் மட்டும் புதிதாக வாங்கிக் கொடுங்கள். இதில் கஞ்சத்தனம் கூடாது. இன்ஸ்டோல் செய்யும்போது டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்று கேட்கும். அங்கே ‘இஸட்எஃப்எஸ்’ என்பதையும், அதற்குள் ‘மிரர்’ என்பதையும் தெரிவு செய்ய வேண்டும். எழுதுவதெல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் விழும். உண்மையான கணக்கை ஏற்றுவதற்கு முன்னர், மெஷினை நிறுத்தி ஒரு டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘டிகிரேடட்’ என்று எச்சரித்துக்கொண்டே ஓடும். மறுபடி மாட்டியதும் விடுபட்டதை நிரப்பிக்கொள்ளும். இதைக் கண்ணால் கண்டவருக்குப் பயம் பாதி போய்விடும்.

இஸட்எஃப்எஸ் என்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 2008இல் ஃப்ரீபிஎஸ்டியின் 7.0 பதிப்போடு இங்கே வந்தது. இதில் ‘ஸ்னப்ஷொட்’ என்றொரு வசதி உண்டு. அன்றைய வியாபாரம் முடிந்ததும் கணக்குப்பிள்ளை கோடு கிழித்து முத்திரை குத்துவது போன்றது அது. கோட்டுக்கு மேலே உள்ளதை அதன் பின் யாரும் திருத்த முடியாது. ஸ்னப்ஷொட் எடுத்த கணத்தில் அது ஏறக்குறைய இடமே பிடிக்காது. பின்னர் மாறுகின்றவற்றின் பழைய வடிவம் மாத்திரமே தனியாகத் தங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையின் ஃபைல்கள் எல்லாம் 40 ஜிகாபைட் என்று வைப்போம். தினமும் 30 முழுக் கொப்பி வைத்தால் 1200 ஜிகாபைட் வேண்டும். ஒரு நாளில் மாறுவது அரை ஜிகாபைட் என்றால், 30 ஸ்னப்ஷொட்டுக்கு 40க்கு மேல் சுமார் 15 ஜிகாபைட்டே போதும். ஆனால் மாறாத ஃபைலையும் தினமும் மேலே மேலே எழுதினால் இந்த மிச்சம் கிடைக்காது. மாறியதை மட்டும் அனுப்பும் விதமாகக் கொப்பி எடுக்கத் தம்பி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, கடை மூடும் நேரம் கணக்கு மென்பொருளை மூடிவிட்டு, அதன் ஃபோல்டரைப் புதிய மெஷினுக்கு அனுப்ப வேண்டும். விண்டோஸ் கணனிகளோடு பேசுவதற்கு ‘சம்பா’ என்ற இலவச மென்பொருளைச் சேர்க்க வேண்டும். (அரிசி அல்ல, 1992இல் அவுஸ்திரேலியர் ஒருவர் ஆரம்பித்தது.) கொப்பி முடிந்ததும் ஸ்னப்ஷொட். கணக்குக் கணனியை ஒரு வைரஸ் பூட்டி, அந்தப் பூட்டிய ஃபைல்களே இரவில் இங்கு வந்து விழுந்தாலும், நேற்றைய ஸ்னப்ஷொட் அப்படியே இருக்கும். அன்றைக்கு மட்டும் டிஸ்க்கில் திடீரென்று 40 ஜிகாபைட் கூடியிருக்கும். அதுவே அபாய மணியுமாகும். எனவே பாவித்த அளவைத் தம்பி தினமும் ஒரு கொப்பியில் குறித்து வரட்டும்.

இதற்கு எல்லை உண்டு. மெஷினின் தலைமைக் கடவுச்சொல் கிடைத்தவனால் ஸ்னப்ஷொட்டையும் அழிக்க முடியும். ஆகவே அந்தச் சொல்லை எந்த விண்டோஸ் கணனியிலும் சேமிக்கக் கூடாது. எழுதி, உறையில் ஒட்டி, இரும்புப் பெட்டியில் வையுங்கள். தம்பி நாளைக்கு வெளிநாடு போகலாம், கடையின் திறப்பு அவரோடு போய்விடக் கூடாது. தீப்பிடித்தால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே போகும். வாரம் ஒரு தடவை வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போவது இதனால் நின்றுவிடாது. கரண்ட் வெட்டுக்கு யூபிஎஸ்ஸும் வேண்டும்.

கவுன்டர் கணனிகளை மாற்றப் போகாதீர்கள். நமது கணக்கு மென்பொருட்களும், பார்கோட் பிரின்டர்களும் விண்டோஸை நம்பிச் செய்யப்பட்டவை. வைஃபை, லெப்டொப் வன்பொருட்களிலும் ஃப்ரீபிஎஸ்டி பின்தங்கியே இருக்கின்றது. இலவசம் என்றாலும் தம்பியின் நேரம் இலவசமல்ல. வாரத்தில் இரண்டு மணித்தியாலத்தை, யாரும் பிரின்டருக்குக் கூப்பிடாத நேரமாக, அவருக்கு ஒதுக்கிக் கொடுங்கள்.

மூன்று மாதம் ஓடிய பின் ஒரு நாள், முன்னறிவிப்பின்றி, இரண்டு வாரத்துக்கு முந்திய கணக்கு ஃபைலை எடுத்து வேறொரு கணனியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் அன்றைய நிலுவை பில் கொப்பியோடு ஒத்துப் போகின்றதா என்று நீங்களே பாருங்கள். ஒத்துப் போனால் இரண்டாவது பாடத்தைத் தொடங்கலாம். அதுதான் கடைக்கும் இணையத்துக்கும் இடையில் நிற்கும் காவல் மெஷின். ஃப்ரீபிஎஸ்டி மீது கட்டப்பட்ட ஓபிஎன்சென்ஸ் என்ற இலவசத் தொகுப்பை, வேறு கணனியிலிருந்து பிரவுசர் வழியாகவே இயக்கலாம். முதல் பாடமாக அதை வைக்காததற்குக் காரணம், அது நின்றால் கடை முழுவதற்கும் இணையம் நின்றுவிடும் என்பதே. அதற்கு இரண்டு நெட்வேர்க் கார்ட் தேவை. வாங்கும்போது இன்டெல் சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மலிவான சில ரகங்கள் இந்த இயங்குதளத்தோடு அவ்வளவாக ஒத்துப் போவதில்லை.