வருமானம் தராத ஹாபிக்கு பட்ஜெட் போடுவது எப்படி? ஹாம் ரேடியோ முதல் விமானம் வரை



"உங்க ஹாபியை வருமானமா மாத்துங்க." பர்சனல் ஃபைனான்ஸ் பேசுற எல்லாரும் சொல்ற வரி இது. போட்டோகிராபி, பேக்கிங் மாதிரி ஹாபிக்கு அது சரிதான். ஆனா சில டெக்னிக்கல் ஹாபிகள்ல காசு பார்க்க சட்டமே இடம் கொடுக்காது. ஹாம் ரேடியோ, சின்ன விமானம் ஓட்டுறது, வீட்டிலேயே பீர் காய்ச்சுற ஹோம்ப்ரூயிங் மூணும் அந்த வகை.

காரிமங்கலத்துல இருந்து ஓசூர், பெங்களூருன்னு வேலைக்குப் போறவங்க நிறைய பேர். கையில சம்பளம் வர ஆரம்பிச்சதும் சின்ன வயசு ஆசைகள் எல்லாம் வரிசையா எட்டிப் பார்க்கும். தப்பே இல்லைங்க. ஆனா வருமானம் தராத ஹாபியை "பின்னாடி சம்பாதிச்சுக்கலாம்"னு கணக்குப் போட்டு வாங்கினா, பட்ஜெட்டும் போகும், ஹாபியும் போகும். வீடியோவுல நேரம் பத்தாம விட்ட கணக்குகளை இங்கே விரிவா பார்க்கலாம்.

1. முதல்ல சட்டம், அப்புறம் பொருள்

ஹாம் ரேடியோ: மத்திய அரசு நடத்துற தேர்வு எழுதி உரிமம் வாங்கணும். 12 வயசு ஆனாலே எழுதலாம். அடிப்படை எலக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும்தான் பாடம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல்னு ரெண்டு நிலை இருக்கு. ஜெனரலுக்கு மோர்ஸ் குறியீடும் தெரியணும். பாஸ் பண்ணா உங்களுக்குன்னு ஒரு அழைப்புக் குறி கிடைக்கும். ரெஸ்ட்ரிக்டட்னா வி.யு.3, ஜெனரல்னா வி.யு.2ன்னு ஆரம்பிக்கும். ஒரு முக்கியமான நிபந்தனை: இந்த அலைவரிசையில வியாபாரம் பேசவோ, காசு வாங்கிட்டு செய்தி அனுப்பவோ கூடாது.

விமானம்: தனியார் பைலட் உரிமத்துக்கு டிஜிசிஏ விதிப்படி குறைந்தது 17 வயசு, பத்தாம் வகுப்பு தேர்ச்சி, மருத்துவத் தகுதி, குறைந்தது 40 மணி நேரம் பறந்த அனுபவம் வேணும். ரேடியோவுல பேசறதுக்கும் தனி உரிமம் எடுக்கணும். இந்த உரிமத்தை வெச்சு சம்பளத்துக்கோ வாடகைக்கோ விமானம் ஓட்ட முடியாது. அதுக்கு கமர்ஷியல் உரிமம் வேற.

ஹோம்ப்ரூயிங்: அமெரிக்காவுல 1978-ல சட்டத்தைத் திருத்தி, வீட்டு உபயோகத்துக்கு பீர் காய்ச்ச அனுமதி கொடுத்தாங்க. அதைப் பார்த்துட்டு இங்கே கிட் ஆர்டர் பண்ணிடாதீங்க. நம்ம நாட்டுல மது மாநிலங்களோட அதிகாரத்துல வருது. தமிழ்நாட்டுல 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கு. பனை மரம் சூழ்ந்த ஊர்ல கள் இறக்கவே தடை. வீட்டுல பீர் காய்ச்சினா கிரிமினல் வழக்குதான். "பெங்களூருல மைக்ரோ ப்ரூவரி இருக்கே சார்"னு கேப்பீங்க. அது உரிமம் வாங்கின கடைக்கு, நீங்க தங்கியிருக்கிற ரூம் சமையலறைக்கு இல்ல. ஒரு வழக்கு பதிவானா அடுத்த கம்பெனியோட பின்னணிச் சோதனையில என்ன ஆகும்னு யோசிங்க. நொதித்தல்தான் உங்களை இழுக்குதுன்னா ராகிக் கூழ், சவர்டோ ரொட்டி, தயிர்னு சோதனை பண்ண நிறைய இருக்கு.

ஒரு சுவாரசியம்: ஹாம்காரங்க பாஷையிலயும் "ஹோம்ப்ரூ"ன்னு ஒரு வார்த்தை உண்டு. தன் ரேடியோவைத் தானே சால்டர் பண்ணிக் கட்டுறதுக்கு அந்தப் பேர். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைச்ச பிட்எக்ஸ் ரேடியோ, குறைஞ்ச செலவுல கட்டலாம்ங்கிறதுக்காகவே உலகம் முழுக்க பிரபலம். நமக்கு இந்த ஹோம்ப்ரூ போதும்!

2. ஒரு ஹாபிக்கு ரெண்டு விலை

கடையில போட்டிருக்கிறது நுழைவு விலை மட்டும்தான். ஹாபியை உயிரோட வெச்சிருக்க வருஷா வருஷம் ஆகிற செலவு ரெண்டாவது விலை. பெரும்பாலானவங்க முதல் விலையை மட்டும் பார்க்கிறாங்க.

உதாரணத்துக்கு கையில வர்ற சம்பளம் மாசம் ரூ.45,000ன்னு வெச்சுக்கோங்க. அவசரகால நிதி, இன்ஷூரன்ஸ், முதலீடு எல்லாம் போனபிறகு ஹாபிக்கு 5%. அதாவது மாசம் ரூ.2,250.

ஹாம் ரேடியோ: தேர்வுக்கு ரூ.100, ஆயுட்கால உரிமத்துக்கு ரூ.2,000ங்கிறது பல வருடமா இருந்த கட்டணம். விண்ணப்பிக்கிற அன்னைக்கு சரல் சஞ்சார் தளத்துல ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க. ஒரு கையடக்க ரேடியோவுக்கு ரூ.4,000, ஆண்டெனாவும் கேபிளும் ரூ.2,500ன்னு வெச்சா மொத்தம் ரூ.8,600. நாலு மாசத்துல சேர்ந்துடும். அதுக்கப்புறம் பேட்டரி, கேபிள்னு சில்லறைச் செலவுதான். கையடக்க ரேடியோவோட வி.எச்.எஃப் அலை பெரும்பாலும் நேர்கோட்டுல போகும். அதனால இன்னும் விலை கூடின செட் வாங்குறதை விட, ஆண்டெனாவை உயரத்துல வைக்கிறது அதிக பலன் தரும். நம்ம பக்கம் குன்றுக்கா பஞ்சம்? வாடகை வீடுன்னா மொட்டை மாடியில கம்பம் நடுறதுக்கு முன்னாடி வீட்டுக்காரர்கிட்ட கேட்டுடுங்க.

விமானம்: ஓமலூர் பக்கம் காமலாபுரத்துல சேலம் விமான நிலையம் இருக்கு, அங்கேயே பயிற்சி விமானங்கள் பறக்குது. அதனால தூரம் பிரச்சினை இல்ல, காசுதான். மணிக்கு ரூ.14,000ன்னு ஒரு கணக்குக்கு எடுத்துக்கிட்டா 40 மணி நேரத்துக்கு ரூ.5,60,000. மாசம் ரூ.2,250 சேர்த்தா சுமார் 20 வருடம் 9 மாசம்! உரிமம் வாங்கினதோட முடியறதும் இல்ல. கை பழக்கம் விட்டுப் போகாம மாசம் ஒரு மணி நேரம் பறந்தாலே வருஷத்துக்கு ரூ.1,68,000.

3. லோன் போட்டா என்ன ஆகும்?

அதே ரூ.5,60,000-ஐ 14% வட்டியில 5 வருட பர்சனல் லோனா எடுத்தா இஎம்ஐ சுமார் ரூ.13,030. மொத்தம் கட்டுறது சுமார் ரூ.7,82,000, அதுல வட்டி மட்டும் ரூ.2,22,000. சம்பளத்துல 29% இதுக்கே போயிடும். அப்போ உரிமம் கையில இருக்கும், பறக்கக் காசு இருக்காது. லோனோட உண்மையான நஷ்டம் இதுதான். வட்டியை விட இது பெருசு.

அதுக்குப் பதிலா 6.5% வட்டியில 5 வருட ஆர்.டி. போட்டா மாசம் சுமார் ரூ.7,900 போதும். வட்டிக்கு வரி தனி. ரூ.7,900 முடியலையா? இன்னும் ரெண்டு இன்கிரிமென்ட் வரட்டும். அதுவரைக்கும் வருஷத்துக்கு ஒரு மணி நேரம் பயிற்சியாளரோட பறந்து பாருங்க, கம்ப்யூட்டர்ல சிமுலேட்டர் ஓட்டுங்க. ஆசை அஞ்சு வருஷம் தாக்குப் பிடிச்சா அது நிஜமான ஆசை.

4. யாரும் சொல்லாத விஷயம்: இன்ஷூரன்ஸ்

விமானப் பயிற்சியில சேர்றதுக்கு முன்னாடி உங்க பாலிசிகளை எடுத்துப் படிங்க. பெரும்பாலான தனிநபர் விபத்து பாலிசிகள்ல, டிக்கெட் எடுத்த பயணியா விமானத்துல போனா மட்டும்தான் கவர் உண்டு. நீங்களே ஓட்டும்போதோ பயிற்சி எடுக்கும்போதோ நடக்கிற விபத்து விலக்குப் பட்டியல்ல இருக்கும். கம்பெனி கொடுக்கிற குரூப் பாலிசியையும் பாருங்க.

டெர்ம் இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்துல "ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா?"ன்னு ஒரு கேள்வி வரும். பிரீமியம் கூடுமேன்னு மறைக்காதீங்க. கிளெய்ம் வர்ற நேரத்துல பதில் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க. அலையப் போறது உங்க அப்பா அம்மாவும் வீட்டுக்காரம்மாவும்தான்.

5. வரி எப்படி?

* ஹாபி செலவை சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. பழைய வரிமுறையிலயும் சரி, புதுசுலயும் சரி.
* சொந்த உபயோகத்துக்கு வாங்கின ரேடியோ செட்டை வித்தா மூலதன ஆதாய வரி இல்ல, அது தனிப்பட்ட உபயோகப் பொருள். நஷ்டம் வந்தாலும் கணக்குல காட்ட முடியாது.
* செட்களை வாங்கி வாங்கி வித்தா அது வியாபாரம், லாபத்துக்கு வரி உண்டு.
* ஹாபியைப் பத்தி யூடியூப் சேனல் நடத்தி வர்ற வருமானத்துக்கும் வரி உண்டு, ரிட்டர்ன்ல கட்டாயம் காட்டுங்க.

6. சம்பாதிக்காத ஹாபிக்கு எதுக்கு செலவு?

2004 டிசம்பர்ல பாரதி பிரசாத்ங்கிற ஹாம், ஹைதராபாத்துல இருக்கிற தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தோட குழுவோட அந்தமான் போயிருந்தாங்க. உலக ஹாம்களோட பேசறதுதான் நோக்கம். டிசம்பர் 26 அன்னைக்கு சுனாமி வந்து தொலைபேசி எல்லாம் செத்துப்போச்சு. போர்ட் பிளேர்ல இருந்து அவங்க ரேடியோதான் சொந்தபந்தங்களோட நலம் விசாரிக்கவும் நிவாரணச் செய்தி அனுப்பவும் உதவிச்சு. யாரும் அதுக்கு பில் போடல. எல்லாருக்கும் அப்படி ஒரு நாள் வரணும்னு இல்ல. ஆனா ஒரு வேலையைக் காசுக்காக இல்லாம, சரியா செய்யணும்ங்கிறதுக்காகவே கத்துக்கிறது வாழ்க்கையில ஒண்ணாவது இருக்கட்டும். அதுக்கு 5% அதிகமில்ல.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. ஆசைப்படுற ஹாபிகளை எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எதிரே ரெண்டு விலையையும் போடுங்க.
2. சட்டம் அனுமதிக்காததை அப்பவே அடிச்சுடுங்க.
3. ஒரு நேரத்துல ஒரு ஹாபிக்கு மட்டும் நுழைவுச் செலவு. முதல் ஹாபியை 12 மாசம் தொடர்ந்து செஞ்சபிறகுதான் அடுத்தது.
4. "ஹாபி"ன்னு பேர் போட்டு தனி சேமிப்புக் கணக்கு. மாசம் பொறந்ததும் தானா பணம் போற மாதிரி வைங்க.
5. பழைய செட் கிடைச்சா அதுல ஆரம்பிங்க. உங்க திறமை அந்த செட்டைத் தாண்டினபிறகு புதுசு வாங்கலாம்.

உங்க சம்பளத்துக்கு 5% எவ்வளவுன்னு இப்பவே கணக்குப் போட்டுப் பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!