சலமாங்காவுக்குப் புறப்படும் பாப்பாவுக்கு

ஜெயங்கொண்டம்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி உன் அம்மா போன் செய்தாள். "முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்டுல பொம்பளப் பிள்ள எப்படிடி மாசக்கணக்கா தங்கும்? ஹாஸ்டல்னா ஒரு வார்டனாவது இருப்பாங்கல்ல?" என்று ஒரே புலம்பல். நீ ஸ்பெயினுக்குப் போவதில் அக்காவுக்கு வருத்தமில்லை. அந்த வீடுதான் உறுத்துகிறது.

அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். ஹாஸ்டலில் தங்கித்தான் ஸ்பானிஷ் படிக்க வேண்டும் என்றால் நீ ஹைதராபாத்தை விட்டு நகரவே தேவையில்லை. இஃப்லு பல்கலைக்கழகத்தில் இலக்கணம் சொல்லித்தர நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அங்கே இல்லாதது ஸ்பானிஷ் பேசுகிற ஒரு சமையலறை. அதற்காகத்தான் இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறோம். மாணவர் விடுதியில் ஜெர்மன்காரியும் கொரியாக்காரியும் நீயும் இங்கிலீஷில் அரட்டை அடித்துக்கொண்டு, காலையில் வகுப்பில் மட்டும் ஸ்பானிஷ் பேசிவிட்டுத் திரும்பி வருவீர்கள். அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சலமாங்கா நல்ல தேர்வு. பல்கலைக்கழகம் 1218-இல் தொடங்கியது. ஸ்பானிஷ் மொழிக்கு முதன்முதலாக அச்சேறிய இலக்கணமும் 1492-இல் அந்த ஊரில்தான் வெளிவந்தது, எழுதியவர் நெப்ரிஹா. பழைய பல்கலைக்கழகக் கட்டடத்தின் முகப்பில் ஒரு மண்டையோட்டின் மேல் தவளை உட்கார்ந்திருக்கும். யார் உதவியும் இல்லாமல் அதைக் கண்டுபிடிக்கிற மாணவர் பரீட்சையில் தேறுவார் என்பது ஊர் நம்பிக்கை. எங்கே இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை.

வேற்று மொழிக்காரர்கள் ஓர் ஊரில் போய் உட்கார்ந்து மொழி கற்பது நமக்குப் புதிதில்லை. நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்கு, அடைக்கல மாதா கோயிலுக்கு, சின்ன வயதில் உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம். அங்கே பல ஆண்டுகள் இருந்த வீரமாமுனிவர், அதாவது பெஸ்கி பாதிரியார், இத்தாலிக்காரர். பிறந்தது 1680-இல்; முப்பது வயதில் இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தவர். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் படித்தார் என்று சொல்வார்கள். மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் தேம்பாவணி எழுதிய மனிதர், அதோடு நிற்காமல் சனங்கள் பேசுகிற தமிழுக்கென்று கொடுந்தமிழ் இலக்கணம் ஒன்றையும் தனியாக லத்தீனில் எழுதினார். 1738-இல் அது தரங்கம்பாடியில் அச்சானது. பின்னால் வரப்போகும் பாதிரிமார்கள் ஏட்டுத் தமிழை மட்டும் படித்துவிட்டு வந்து தெருவில் விழிக்கக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்திருக்கிறது. அவருடைய பரமார்த்த குரு கதையைப் படித்துப் பார். திண்ணைப் பேச்சைக் காதால் கேட்காதவரால் அதை எழுதியிருக்க முடியாது.

உனக்கும் திண்ணை வேண்டும். அங்கே அது சாப்பாட்டு மேசை.

மதியச் சாப்பாடு இரண்டு, இரண்டரைக்கு. ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு மேல். சாப்பிட்டு முடித்ததும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். தட்டை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு அரை மணி, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். 'சோப்ரெமேசா' என்று அதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள். நாம் சாப்பிட்டவுடன் கை கழுவ எழுந்து பழகியவர்கள். நீ எழுந்திருக்காதே. தூக்கம் வந்தாலும் உட்கார். நான் தங்கியிருந்தது கணவரை இழந்த ஓர் அம்மாவின் வீடு. சலமாங்காவுக்கு வடக்கே லா அர்முன்யா என்றொரு பகுதி. அதன் பருப்பு ஸ்பெயின் முழுக்கப் பேர்போனது. அதை மேசை விரிப்பின் மேல் கொட்டி, மூக்குக் கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, கல்லையும் சொத்தையையும் ஒரு விரலால் விளிம்புக்குத் தள்ளுவார். நம் அம்மாயி முறத்தோடு உட்கார்ந்திருப்பது மாதிரியே இருக்கும். விரல் பாட்டுக்கு வேலை பார்க்க, வாய் கிராமத்திலிருக்கும் தங்கையைப் பற்றிய ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும். முதலில் எனக்குத் 'தங்கை', 'வீடு', 'பணம்' தவிர வேறெதுவும் பிடிபடவில்லை. போகப் போகச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க ஆரம்பித்தேன். கதை மாறவே இல்லை என்பது எவ்வளவு வசதி!

அந்தம்மா என் இலக்கணத்தைத் திருத்தியதாக ஞாபகமே இல்லை. வீட்டுக்காரர்கள் திருத்தும் விதம் வேறு. "நேத்து சந்தைக்குப் போறேன்" என்று நீ சொல்வாய். "ஓ, நேத்து போனியா, என்ன வாங்கினே?" என்று அவர்கள் கேட்பார்கள். திருத்தம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. உடனே "ஆமா, போனேன், தக்காளி வாங்கினேன்" என்று அதே சொல்லைப் போட்டுப் பதில் சொல். கவனிக்காதவர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால்தான் ஆறு மாதம் தங்கினாலும் அதே தப்பு தங்கிவிடுகிறது.

இன்னொரு விஷயம், இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷுக்குப் போகாதே. தமிழ் வழியாகப் போ, தூரம் குறைவு. காப்பி பிடிக்கும் என்று சொல்ல அவர்கள் 'மே குஸ்தா எல் கஃபே' என்பார்கள். இங்கிலீஷ்காரர்கள் இந்த வாக்கியத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். நமக்கு அது 'எனக்குக் காப்பி பிடிக்கும்', அவ்வளவுதான். 'நான்' என்று சொல்லாமலே 'வந்தேன்' என்றால் ஆள் யாரென்று நமக்குத் தெரிகிறது. அவர்களும் வினையின் வாலில்தான் ஆளை வைத்திருக்கிறார்கள். உச்சரிப்பும் அப்படியே. அவர்களுடைய 't'யை 'ட' ஆக்காதே, அது 'தண்ணீ'ரில் வரும் 'த'. இரண்டு உயிருக்கு நடுவே 'd' வந்தால் 'பாதை'யில் வரும் 'த' மாதிரி மெத்தென்று சொல். ஒன்றில் மட்டும் நமக்குக் கஷ்டம். 'பெரோ' என்றால் 'ஆனால்'. ரகரத்தை உருட்டிப் 'பெர்ரோ' என்றால் நாய். ர, ற வித்தியாசத்தைப் பேச்சில் நம் பக்கத்தார் தொலைத்துவிட்டோம். நாகர்கோவில்காரர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். உன் வகுப்பில் அந்தப் பக்கத்துப் பிள்ளை யாராவது இருந்தால் போவதற்கு முன் கேட்டுப் பழகிக்கொள்.

அந்த வீட்டம்மா தன்னை 'து' என்றே, அதாவது 'நீ' என்றே கூப்பிடச் சொல்வார். உனக்கு நாக்கு கூசும். அம்மாயியை 'நீ சாப்டியா' என்றுதானே கேட்கிறாய், மரியாதை குறைந்தா போயிற்று? கூப்பிடு. கடையிலோ அலுவலகத்திலோ வயதானவர்களிடம் பேசும்போது 'உஸ்தெத்' போட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் ஒளிவுமறைவு வேண்டாம். நீ கோழி, மீன் சாப்பிடுகிறவள். பன்றியும் மாடும் சாப்பிடாதவள். "இறைச்சி வேண்டாம்" என்று பொதுவாகச் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. பருப்புக் குழம்பிலேயே பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிச் சொல், முதல் நாளே சொல். உறைப்பு இருக்காது. ஊறுகாய் பாட்டிலை அறையில் வைத்துக்கொள், மேசைக்குக் கொண்டுவராதே. அந்தம்மா ருசி பார்க்கக் கேட்டால் மட்டும் கொடு. நெய்ப் பலகாரம் எதுவும் கட்டிக்கொண்டு போகாதே. பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துப்போகத் தடை இருக்கிறது. நம் ஊர் வறுத்த முந்திரி நல்ல பாக்கெட்டாக இரண்டு எடுத்துப்போ, போதும்.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்காதே. நமக்குச் செருப்போடு நடந்தால் ஆகாது, அவர்களுக்கு வெறுங்கால் ஆகாது. சளி பிடிக்கும் என்று பதறுவார்கள். ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு வைத்துக்கொள். சலமாங்கா கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிர்காலத்தில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். வெந்நீரும் ஹீட்டரும் அவர்களுக்குப் பெரிய செலவு. சீக்கிரம் குளித்துவிட்டு வா.

அம்மாவோடு பேசும் நேரத்தை இப்போதே முடிவு செய்துவிடு. கோடையில் அவர்களைவிட நாம் மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் இங்கே எல்லோரும் தூங்கிவிடுவோம். அது உனக்கு அதிர்ஷ்டம். மதியம் சாப்பிட்டு வீடே கண்ணயரும் நாலு மணிக்குக் கூப்பிடு; இங்கே ராத்திரி ஏழரை, எட்டரை. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். மேசையில் போன் இருக்கக் கூடாது.

வீடு ஒத்துவரவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே. அறைக் கதவுக்குப் பூட்டு இல்லை, மரியாதையாகப் பேசுவதில்லை, வயிறாரப் போடுவதில்லை, எதுவானாலும் முதல் வாரத்திலேயே மொழிப் பள்ளியில் வீடு பார்த்துக் கொடுப்பவரிடம் போய்ச் சொல். நீ அங்கே ஓசியில் தங்கவில்லை, பணம் கட்டித் தங்குகிறாய். வீடு மாற்றித் தருவது அவர்களுக்குச் சகஜமான வேலை. இந்தப் பத்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

'டெலே' என்ற ஸ்பானிஷ் மொழிப் பரீட்சையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அங்கிருந்து வந்தபின் எழுதினால் போதும். டெல்லியில் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துகிறது. அந்தச் சான்றிதழ் காலாவதி ஆவதில்லை, எனவே அவசரப்படாதே. தொண்ணூறு நாளுக்கு மேல் தங்குவதாக இருந்தால் மட்டும் நீண்டகால மாணவர் விசா வேண்டும். தேதிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு டிக்கெட் போடு.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். பள்ளி அனுப்பிய படிவத்தில் வீட்டைப் பற்றிய விருப்பம் எழுத இடம் இருக்கும். 'மூன்று வேளைச் சாப்பாடும் வேண்டும், வேறு மாணவர் இல்லாத வீடு வேண்டும், வீட்டில் வயதானவர் இருந்தால் நல்லது' என்று எழுது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடும் மோசமில்லை, ஆனால் அவர்கள் பேசும் வேகத்துக்கு நீ கொஞ்ச நாள் அழுவாய். வயதானவர்களுக்குக் கதை கேட்க ஆள் வேண்டும், உனக்குக் கதை சொல்ல ஆள் வேண்டும். படிவத்தை இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடு. தாமதமாக அனுப்புகிறவர்களுக்கு மிச்சமிருக்கும் வீடுதான் கிடைக்கும்.

அன்புடன்,
சித்தி