நம்பிக்கைகளும் உண்மைகளும்: கூரையை நம்பிக் கெட்ட படங்கள்

"அண்ணே, இன்னுமா இந்த இரும்பைத் தூக்கிக்கிட்டு அலையறீங்க? ஃபிளாஷை மேல திருப்பி அடிச்சா வேலை முடிஞ்சது."

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கும் தம்பிகளிடம் இதை எத்தனை முறை கேட்டுவிட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. போன ஆவணி முகூர்த்தத்திலும் ஒருவர் சொன்னார். நல்ல பிள்ளை, கையில் இருந்ததும் நல்ல கேமரா. மறுவாரம் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். தாலி ஏறும் நேரத்துப் படத்தில் மணப்பெண்ணின் தலையில் இருந்த மல்லிகைச் சரம் இளம்பச்சை. நெற்றியிலும் அதே பச்சை. மூக்குக்குக் கீழே மேடை விளக்கின் ஊதா. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. "கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம்ணே" என்றார். பூவின் பச்சையை எடுத்தால் கன்னத்தில் ஊதா ஏறுகிறது. ஊதாவைக் குறைத்தால் பூ மறுபடியும் பச்சையாகிறது. இரண்டு இரவு உட்கார்ந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தாலி ஒருமுறைதான் ஏறும்.

அவர் "இரும்பு" என்று சொன்னது ஃபிளாஷ் பிராக்கெட்டை. கேமராவின் அடியில் திருகி மாட்டும் ஓர் உலோகப் பட்டை, பக்கத்தில் எழுந்து நிற்கும் ஒரு கைப்பிடி, அதன் உச்சியில் ஃபிளாஷ். கேமராவுக்கும் ஃபிளாஷுக்கும் நடுவே ஒரு சுருள் கேபிள். லென்சுக்கு மேலே ஏறத்தாழ ஓரடி உயரத்தில் வெளிச்சத்தை நிறுத்தி வைப்பதுதான் இதன் வேலை. 'மேல அடிச்சா போதும்' என்பது இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் மந்திரம். ஃபிளாஷின் தலையைக் கூரையைப் பார்த்துத் திருப்பி, அங்கே பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் படம் எடுப்பது. தொழிலில் இதற்குப் பவுன்ஸ் என்று பேர்.

பவுன்ஸ் பொய்யில்லை. அது பிறந்த இடத்தில் அது ராஜா. இங்கே எல்லோரும் அதைக் கற்றுக்கொள்வது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கூடத்தில். கூரை சுமார் 2.6 மீட்டர் உயரம், வெள்ளைச் சுண்ணாம்பு, மழமழவென்று ஒரே பரப்பு. தம்பி தங்கையை நிறுத்தி, பிறந்தநாள் கேக்கை வைத்து, மேலே அடித்துப் பார்க்கிறார்கள். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரை அடைய வெளிச்சம் கூரைக்குப் போய்த் திரும்பியும் 2.7 மீட்டர்தான் பயணம் செய்கிறது. கூரை முழுவதும் பெரிய விளக்காகிவிடுவதால் நிழல் கரைந்து, முகம் அழகாக வருகிறது. அந்த இடத்தில் நானும் பவுன்ஸ்தான் செய்வேன். வீட்டுக் கூடத்தில் கற்ற பாடத்தைக் கோயில் மண்டபத்துக்கும் நடுத்தெருவுக்கும் அப்படியே சுமந்து போகும்போதுதான் குடி கெடுகிறது.

மண்டபத்துக்கு வாருங்கள். கூரை 6 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாஷ் உங்கள் தலையளவில், 1.7 மீட்டரில் இருக்கிறது. மணமக்கள் 3 மீட்டர் தள்ளி. நேராக அடித்தால் வெளிச்சம் போக வேண்டிய தூரம் 3 மீட்டர். கூரைக்கு அடித்தால் போய்த் திரும்ப 9 மீட்டர். தூரம் மூன்று மடங்கானால் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். இது யாருடைய அபிப்பிராயமும் இல்லை, பள்ளிக்கூடத்து இயற்பியல். அந்த ஒன்பதில் ஒன்றிலும் கூரையின் வண்ணம் தன் பங்கைக் குடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கீழே அனுப்பும். அதை ஈடுகட்டத் தம்பிகள் கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஃபிளாஷ் ஒவ்வொரு தடவையும் முழுச் சக்தியைக் கொட்டிவிட்டு அடுத்த அடிக்கு மூச்சு வாங்குகிறது. மூன்று முடிச்சு விழும் நேரத்தில் அது மூச்சு வாங்கினால் மூன்றாவது முடிச்சு உங்களுக்குக் கிடைக்காது.

வண்ணத்தைச் சொன்னேன். நம் கோயில் கூரைகளை ஒருதரம் அண்ணாந்து பாருங்கள். 1855-இல் எழுந்த சீனிவாசப் பெருமாள் கோயிலின் மண்டபக் கூரையில் வட்டமாக விரிந்திருக்கும் அந்த வண்ணக் கோலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வெள்ளை எவ்வளவு, சிவப்பும் நீலமும் பச்சையும் எவ்வளவு என்று. வீரமாகாளியம்மன் கோயிலிலும் அப்படித்தான். கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கூரையின் நிறத்தைத்தான் கொண்டுவரும். மஞ்சள் பூசிய கையைச் சட்டையில் துடைத்தால் சட்டை மஞ்சளாவதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது.

மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் கூரையே இல்லை. தைப்பூச இரவில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் காவடிகள் போகும் வழியில் எந்தக் கூரையைப் பார்த்து அடிக்கப் போகிறீர்கள்? அடிக்கிறார்கள், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிராங்கூன் சாலை நடுவில் நின்று, ஆகாயத்தைப் பார்த்து ஃபிளாஷ் அடிக்கிறார்கள். நட்சத்திரத்தில் பட்டுத் திரும்பி வருமா வெளிச்சம்?

பிராக்கெட் என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே சொல்கிறேன், நம்பாதவர்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். மணப்பெண் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறார். நீங்கள் 2 மீட்டர் தள்ளி. ஃபிளாஷ் கேமராவின் தலையில் இருக்கிறது, லென்சிலிருந்து 15 சென்டிமீட்டர். ஆளுயரப் படத்துக்காகக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்புகிறீர்கள். ஃபிளாஷ் இப்போது பக்கவாட்டில் போய்விட்டது. சுவரில் நிழல் இரண்டேகால் சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து, காதை ஒட்டி, கழுத்தை ஒட்டி, ஜிமிக்கியை ஒட்டி, கரி பூசியதுபோல ஒரு கோடாக நிற்கும். பழைய ஆல்பங்களில் அந்தக் கோட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். இப்போது அதே ஃபிளாஷை லென்சுக்கு நேர் மேலே 30 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். நிழல் நாலரை சென்டிமீட்டர் கீழே இறங்கித் தாடைக்கும் தோளுக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிழல் அங்கேதான் இருக்கிறது. லென்சின் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, ஹோமப் புகை. லென்சை ஒட்டி ஃபிளாஷ் இருந்தால் லென்சுக்கு முன்னால் மிதக்கும் புகைதான் முதலில் வெளிச்சம் வாங்கும், படம் பால் ஊற்றியதுபோல வெளுக்கும். ஃபிளாஷ் ஓரடி விலகினால் அந்த வெளுப்பு குறையும். மூக்குக்கண்ணாடி போட்ட மாமாக்களுக்கும் இதே நன்மை: லென்ஸ் மட்டத்திலிருந்து வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேரே லென்சுக்கே திரும்பும், மேலிருந்து வருவது கீழ்நோக்கித் தெறித்துப் போய்விடும்.

ஃபிளாஷைத் தனியாக ஸ்டாண்டில் வைத்து ரேடியோவில் இயக்கலாமே என்பார்கள். தாராளமாக, ஹோட்டல் மேடையில் செய்யுங்கள். கெட்டிமேளம் கேட்டதும் அட்சதையோடு ஐம்பது பேர் முன்னால் பாயும் கோயில் மண்டபத்தில் ஸ்டாண்ட் வைத்தால் யாராவது ஒரு பாட்டியின் மேல்தான் அது விழும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் யாஷிகா மேட் கேமராவில் எடுத்தவர். ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர், சதுரப் படம். சதுரத்தைத் திருப்ப வேண்டியதே இல்லை. அதனால் ஃபிளாஷை ஒருமுறை உயர்த்தி மாட்டினால் நாள் முழுக்க அங்கேயே நிற்கும். கல்யாணப் படத்துக்கு 35 மில்லிமீட்டர் ஃபிலிம் வந்து படம் நீள்சதுரம் ஆனபிறகுதான், நிமிர்த்தி எடுக்கும்போதும் ஃபிளாஷ் மேலேயே நிற்கும்படி மடங்கித் திரும்பும் பிராக்கெட்டுகள் தேவைப்பட்டன. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய இரும்பு எல்லாம் பொன் என்று நினைத்து, திரும்பாத எல் வடிவப் பட்டையை வாங்கிவந்து இன்றைய கேமராவில் மாட்டிவிட்டு, "நிழல் போகலையே" என்று என்னிடம் வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபிளாஷ் இடப்பக்கம் நின்றால் நிழல் வலப்பக்கம் விழத்தான் செய்யும். திரும்பும் பிராக்கெட்டை வாங்குங்கள். ஸ்ட்ரோபோஃப்ரேம் மாதிரிப் பழைய உருப்படிகள் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் விடாதீர்கள்.

மற்ற நம்பிக்கைகளை நின்று பேச நேரமில்லை, வரிசையாகத் தள்ளிவிடுகிறேன்.

பிராக்கெட் போட்டால் வெளிச்சம் மென்மையாகும் என்பது தப்பு. வெளிச்சத்தின் மென்மை விளக்கின் அளவைப் பொறுத்தது. உள்ளங்கை அகல ஃபிளாஷ் ஓரடி மேலே போனாலும் உள்ளங்கை அகலம்தான். மென்மை வேண்டுமென்றால் அதன் முன்னால் ஒரு சின்ன சாஃப்ட்பாக்ஸ் மாட்டுங்கள்.

புது கேமரா இருட்டிலும் பார்க்கும், ஃபிளாஷே வேண்டாம் என்பதும் தப்பு. பார்க்கும்தான்; ஆனால் எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வருகிறதோ அதைத்தான் பார்க்கும். உச்சந்தலைக்கு மேல் விளக்கு எரிந்தால் ஐஎஸ்ஓ 12800-இலும் கண் குழிதான்.

ஃபிளாஷ் அடித்தால் கைக்குழந்தையின் கண் போய்விடும் என்று பெயர்சூட்டு விழாவில் பாட்டிகள் பயப்படுகிறார்கள். அந்த மின்னல் விநாடியில் ஆயிரத்தில் ஒருசில பங்குதான் நீடிக்கும். கண் மருத்துவர் சோதிக்கும்போது அதைவிட வெகுநேரம் வெளிச்சம் காட்டுகிறார். முகத்தருகே கொண்டுபோய் அடிக்காமல் இருந்தால் போதும். ஆனால் ஃபிளாஷ் படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். விழித்திரைப் புற்றுநோய்க்கு அது ஓர் அறிகுறியாக இருக்கலாம்.

பழைய ஃபிளாஷை அப்படியே புது கேமராவில் செருகலாம் என்பது பணத்தைத் தீ வைக்கும் நம்பிக்கை. 2017 ஜூலை 10-ஆம் தேதி மூடப்படும்வரை சுங்கை ரோடு சந்தையில் அழகழகான பழைய கைப்பிடி ஃபிளாஷ்கள் கிடைத்தன. அப்படித்தான் 1976-இல் வந்த மெட்ஸ் 45 சிடி-1 ஒன்றை நானும் வாங்கினேன். ஆறு பேனா பேட்டரியில் ஓடும் முரட்டுக் குதிரை. ஆனால் அந்தத் தலைமுறை ஃபிளாஷ்கள் சிலவற்றில் கேமராவைத் தொடும் இணைப்பில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இன்றைய கேமராக்கள் பல அதைத் தாங்காது. ஃபிளாஷின் விளக்கு எரிந்து தயாரானதும் அந்த இணைப்பில் மல்டிமீட்டரை வைத்து அளந்துவிட்டு, கேமராவின் கையேட்டில் எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கிறதோ அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளக்காமல் மாட்டாதீர்கள்.

ஃபிளாஷே அடிக்கக் கூடாத இடமும் உண்டு. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கிறவர் குழியில் கால் வைக்கும் நொடியில் அவர் கண்ணில் மின்னலைப் பாய்ச்சாதீர்கள். கருவறைப் பக்கம் கேட்காமல் கேமராவையே தூக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. ஃபிளாஷைப் பற்றி நம் ஆட்களிடம் இருக்கும் ஆழமான தப்பு, அது "கலரா காட்டும்" கருவி என்பது. மாப்பிள்ளை வீட்டார் வந்து காதோடு சொல்வார்கள்: "பையனைக் கொஞ்சம் வெளுப்பா காட்டுங்க தம்பி." தம்பியும் ஃபிளாஷை ஒரு ஸ்டாப், அதாவது இருமடங்கு, ஏற்றிவிடுவார். வெள்ளை வேட்டி சட்டை எரிந்து மடிப்பே தெரியாமல் போகும், பட்டின் சரிகை வெறும் வெள்ளைத் திட்டாகும், மாநிறம் சாம்பலாகும். கலர் ஃபிலிம் காலத்தில் லேபுகளில் நிறம் சரிபார்க்கப் பல காலம் வைத்திருந்த மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி கார்டு என்று அதற்குப் பேர். நம் தோலுக்கு அந்த ஃபிலிம் சரியாக அமையவில்லை என்பதற்கு அது ஒரு காரணம். இன்று ஃபிலிம் இல்லை, அந்த அட்டையும் இல்லை. கறுப்பை அப்படியே, அதன் பளபளப்போடும் ஆழத்தோடும் எடுக்கக்கூடிய கேமரா நம் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாமே நம் முகத்தை அழிக்கிறோம். தாரை வார்க்கும் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெண்ணின் முகம் ஒரு நிறம், அவர் கை இன்னொரு நிறம், அந்தக் கையைப் பிடித்திருக்கும் அப்பாவின் கை மூன்றாவது நிறம். மூன்றில் அப்பாவின் கை மட்டுமே உண்மை. அதை யாரும் திருத்த நினைக்கவில்லை, அதனால் தப்பித்தது.

முகத்தை வைத்து வெளிச்சத்தை அளங்கள், வேட்டியை வைத்து அல்ல. ஃபிளாஷைக் குறைத்து, ஷட்டரை விநாடியில் 30-இல் ஒரு பங்குக்கு இறக்கி, பின்னால் தீபாவளி அலங்கார விளக்குகள் எரியும் சிராங்கூன் சாலையையும் படத்துக்குள் வர விடுங்கள். ஓரடி உயரத்திலிருந்து அளவோடு விழும் வெளிச்சத்தில் கறுத்த கன்னத்தின் வளைவு எப்படி எழுந்து நிற்கிறது என்பதை ஒருமுறை பார்த்தவர் பிறகு வெளுக்க மாட்டார்.

கல்யாண ஆல்பம் உங்கள் கைக்கு வரும் நாளில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அப்புறம் பாருங்கள். முதலில் உங்கள் அப்பாவின் முகத்தைத் தேடுங்கள். அவர் அவருடைய நிறத்தில் இல்லையென்றால் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள். திருத்திக் கொண்டுவரச் சொல்லுங்கள்.