க்ளியரன்ஸ் கேட்கப் போகும் பிள்ளைகளுக்கு

அமெரிக்க அரசின் ரகசியங்களைக் கையாளும் வேலைக்குப் படிப்பும் குடியுரிமையும் மட்டும் போதாது. க்ளியரன்ஸ் எனும் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். முதன்முறை அதற்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளுக்கு, முக்கியமாகக் கையில் கடனோடு தயங்கி நிற்பவர்களுக்கு, இதைச் சொல்கிறேன்.

1. கடன் இருக்கிறது என்பதற்காகவே யாரையும் தள்ளிவிட மாட்டார்கள். வீட்டுக் கடனும் கல்விக் கடனும் ஒழுங்காகக் கட்டப்பட்டு வந்தால் கவலையே இல்லை. கட்டாமல் விட்ட கடன்தான் கேள்வியாகும். க்ளியரன்ஸ் தரலாமா என்று முடிவுசெய்ய 2017 ஜூன் முதல் நடப்பிலிருக்கும் 13 நெறிமுறைகளில் ஒன்று முழுக்கப் பண விவகாரத்துக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985இல் சோவியத் உளவுத்துறைக்கு ரகசியம் விற்கத் தொடங்கியபோது கடனில் சிக்கியிருந்தார். 1994இல் பிடிபடுவதற்குள், அவர் காட்டிக்கொடுத்த பலர் உயிரிழந்துவிட்டார்கள். ஆகவே கடனைப் பற்றிக் கேட்பவர்களிடம் கோபப்படாதீர்கள்.

2. க்ளியரன்ஸுக்கான எஸ்எஃப்-86 படிவத்தை நிரப்பும் முன்பே ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்னும் மூன்று கிரெடிட் நிறுவனங்களிலும் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். கடந்த 7 ஆண்டுகளில் 120 நாளுக்கு மேல் கட்டாமல் விட்ட கடன், கலெக்ஷனுக்குப் போன கடன், திவால் எல்லாவற்றையும் படிவம் கேட்கும். மறந்துபோன பழைய மருத்துவமனை பில் விசாரணை அதிகாரியின் கையிலிருந்து முதலில் வெளிப்படக் கூடாது.

3. மறைக்காதீர்கள். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் எனக்குப் போதும். கடனைச் சரிசெய்ய வழியுண்டு. தெரிந்தே எழுதிய பொய்யைச் சரிசெய்வது மிகக் கடினம். நடத்தை பற்றிய நெறிமுறை முதலில் பார்ப்பதே உங்கள் நேர்மையைத்தான். படிவத்தில் வேண்டுமென்றே பொய் சொல்வது கூட்டாட்சிக் குற்றம். 5 ஆண்டு வரை சிறை. “சின்ன விஷயம், எழுதாமல் விடு” என்று கூட வேலை செய்பவர் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டேன் என்றால் அது சாக்காக நிற்காது. ஒன்றை விட்டுவிட்டது தெரிந்தால், அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லித் திருத்துங்கள். அப்படித் திருத்தியவருக்குச் சாதகமாகப் பார்க்க நெறிமுறையிலேயே இடமிருக்கிறது.

4. ஏழு ஆண்டில் கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து மறைந்த கடன் தீர்ந்த கடன் ஆகிவிடாது. வேலை போனது, நோய், மணமுறிவு போன்ற காரணங்களை அவர்கள் ஏற்பார்கள். ஆனால் அதன்பின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் கேட்பார்கள். கடன் கொடுத்தவரோடு பேசி, சிறிய தொகையானாலும் மாதாமாதம் கட்டி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு அவசரமாகக் கட்டிய ஒரு தவணையைவிட, முன்பிருந்தே கட்டிவந்த பத்துத் தவணைக்கு மதிப்பு அதிகம்.

5. வருமான வரிக் கணக்கை ஆண்டுதோறும் தாக்கல் செய்யுங்கள். பணம் இல்லாவிட்டாலும் தாக்கல் செய்யுங்கள்.

6. ஊரில் அப்பாவோடு கூட்டாக வைத்த வங்கிக் கணக்கு, உங்கள் பெயரில் இருக்கும் மனை இரண்டையும் எழுத வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால், அதைத் தனியாக அரசுக்குத் தெரிவிக்கும் கடமையும் உண்டு. நம் குடும்பங்களில் பலருக்கு இது தெரியாமலே போகிறது.

7. உங்கள் மாநிலம் கஞ்சாவை அனுமதிக்கலாம். க்ளியரன்ஸ் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வருவது. அங்கே அந்த அனுமதி செல்லாது.

8. அனுமதி கிடைத்ததோடு முடிந்துவிடாது. இப்போது கண்காணிப்பு தொடர்ந்து நடக்கிறது. ஒரு கடன் 120 நாளைத் தாண்டிவிட்டால் நீங்களே பாதுகாப்பு அலுவலரிடம் சொல்ல வேண்டும். டாப் சீக்ரெட் அனுமதி வைத்திருப்பவர்கள் 10,000 டாலரோ அதற்கு மேலோ பாகப் பணம் வந்தாலும் சொல்லியாக வேண்டும்.

9. மறுப்பதற்கான காரணங்களைப் பட்டியலிட்டுக் கடிதம் வந்தால் எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஒப்பந்த நிறுவன ஊழியர்களுக்குப் பதிலளிக்க 20 நாள்தான் அவகாசம். நீதிபதி முன் விசாரணையும் கேட்கலாம். ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனியாக, ரசீதோடு பதில் எழுதுங்கள். கடிதம் வந்த அன்றே எழுதத் தொடங்குங்கள்.